பயிற்சி முடிந்த பின் என்ன?

2018-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி காலை 7 மணி. மும்பையில் மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் இடையே மத்திய ரெயில்வே தண்டவாளத்தில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அலுவலகம் செல்லும் நேரம். மின்சார ரெயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கல்யாண், டோம்பிவிலி, தானே பக்கமிருந்து புறப்பட்டு வந்தவர்கள் நடுவழியில் இறங்கி, தண்டவாளத்தின் ஓரமாக நடந்தார்கள். போலீசார் தடியடி நடத்தினார்கள். கல்வீச்சும் நடந்தது. சுமார் மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகுதான் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது.

மறியல் செய்தவர்கள் ரெயில்வே பட்டறைகளில் அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தவர்கள். ரெயில்வேயே அவர்களைத் தேர்ந்தெடுத்தது. ரெயில்வேயே பயிற்சி அளித்தது. ரெயில்வேயே சான்றிதழும் கொடுத்தது. ஆனால் வேலை மட்டும் கிடைக்கவில்லை. பயிற்சி முடித்தவர்களுக்கு 20 சதவீத இடங்களே என்ற வரம்பை நீக்கி, அனைவருக்கும் வேலை தர வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை.

அந்தக் காலை நடந்து இப்போது பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அன்று தண்டவாளத்தில் எழுந்த கேள்வி இன்னும் அடங்கவில்லை. முன்னைவிட பெரிதாகி இருக்கிறது. ஏனென்றால், இளைஞர்களுக்கு வேலைக்குப் பதிலாகப் பயிற்சி தரும் திட்டங்கள் இன்று மத்திய அரசிடமும் இருக்கின்றன, மாநில அரசிடமும் இருக்கின்றன. பத்தாவது, பன்னிரண்டாவது தேர்வு முடிந்து கோடை விடுமுறை வந்ததும், தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் பேச்சு இதைப் பற்றியே. பையனை எதில் சேர்ப்பது? மாதம் எவ்வளவு கிடைக்கும்? முடித்தால் வேலை உண்டா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் விளம்பரத்தில் பதில் இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு சட்டத்தில்தான் பதில் இருக்கிறது. அதைப் படிப்பவர்கள் மிகக் குறைவு.

சட்டம் சொல்வது என்ன?

அப்ரண்டிஸ் சட்டம் 1961-ல் நிறைவேறியது. அடுத்த ஆண்டு மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. நாட்டில் தொழிற்சாலைகள் பெருகி வந்த காலம் அது. படித்த பையனுக்கு இயந்திரம் தெரியவில்லை. இயந்திரம் தெரிந்தவனுக்குப் படிப்பு இல்லை. இந்தக் குறையைப் போக்க, தொழிற்சாலைகளே இளைஞர்களை எடுத்துப் பழக்க வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம்.

இப்போதுள்ள விதிப்படி, 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் எதுவானாலும், தன் ஆள் பலத்தில் 2½ சதவீதம் முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். நான்கு முதல் 29 பேர் வரை உள்ள சிறு நிறுவனங்கள் விரும்பினால் எடுக்கலாம்.

சட்டத்தின் 18-வது பிரிவு ஒரு விஷயத்தை ஒளிவு மறைவு இல்லாமல் சொல்கிறது. அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவரே தவிர, தொழிலாளி அல்ல. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. எனவே பி.எப். இல்லை. அவர் வாங்குவது சம்பளம் அல்ல, உதவித்தொகை.

22-வது பிரிவு இன்னும் முக்கியமானது. பயிற்சி முடித்தவருக்கு வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை என்பதே 1961-ல் எழுதப்பட்ட விதி. வேலை கொடுத்தால் ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் பயிற்சி பெற்றவருக்கும் இல்லை. 2014-ல் இந்தப் பிரிவு திருத்தப்பட்டது. பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று மாற்றினார்கள். கொள்கை வேண்டும் என்றார்களே ஒழிய, வேலை வேண்டும் என்று சொல்லவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், தகுந்த வேலை தர நிறுவனம் கடமைப்பட்டது. அதாவது, எல்லாம் ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வரியைப் பொறுத்தது. கையெழுத்துப் போடும் பையன்களில் எத்தனை பேர் அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறார்கள்?

1995-ல் சுப்ரீம் கோர்ட்டு, உத்தரபிரதேச சாலைப் போக்குவரத்துக் கழக வழக்கில் ஓரளவு ஆறுதல் தரும் தீர்ப்பை அளித்தது. மற்ற தகுதிகள் சமமாக இருக்கும்போது, வெளியிலிருந்து வருபவரைவிட பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும்; வயது வரம்பிலும் சலுகை பற்றி எண்ண வேண்டும் என்று கோர்ட்டு கூறியது. ஆனால் முன்னுரிமை வேறு, உரிமை வேறு. காலியிடம் இருந்தால்தான் முன்னுரிமைக்கே மதிப்பு.

ரெயில்வே பட்டறையில் நிலைமை

மும்பையில் அப்ரண்டிஸ் என்றதும் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ரெயில்வேதான். மாட்டுங்கா பட்டறை, பரேல் பட்டறை, மேற்கு ரெயில்வேயின் லோயர் பரேல் பட்டறை ஆகியவற்றின் சங்கொலி கேட்டு வளர்ந்த குடும்பங்கள் பல. தந்தை பிட்டராக இருந்த இடத்தில் மகனும் ஸ்பானர் பிடித்த காலம் ஒன்று இருந்தது.

இன்று சேர்க்கை முறை எளிது. எழுத்துத் தேர்வு கிடையாது. பத்தாவது மதிப்பெண்ணும் ஐ.டி.ஐ. மதிப்பெண்ணும் கூட்டிப் பார்த்து வரிசைப்படி எடுக்கிறார்கள். 15 வயது முதல் 24 வயது வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். 2024-ல் மத்திய ரெயில்வே மட்டும் 2,424 அப்ரண்டிஸ் இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. மும்பை, புனே, சோலாப்பூர், நாக்பூர், புசாவல் ஆகிய பகுதிகளில் உள்ள பட்டறைகளுக்கும் ஷெட்டுகளுக்கும் உரிய இடங்கள் அவை. உதவித்தொகை மாதம் ரூ.7 ஆயிரம்.

பயிற்சியின் தரத்தைக் குறை சொல்ல முடியாது. ஐ.டி.ஐ.யில் வரைபடத்தில் பார்த்ததை, பட்டறையில் பழுதுக்கு வந்த பெட்டியின் அடியில் படுத்து பார்க்கிறான் பையன். ஓர் ஆண்டில் கை பழகிவிடுகிறது. பிறகு அகில இந்திய தொழில் தேர்வு எழுதி, தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் பெறுகிறான். சிக்கல் அதற்கு மறுநாள் தொடங்குகிறது.

ரெயில்வேயில் முதல் நிலைப் பணி என்று ஒன்று உண்டு. முன்பு கலாசி, காங்மேன் என்று அழைத்த வேலைகள்தான் இன்று உதவியாளர், டிராக் மெயின்டெய்னர் என்று பெயர் மாறி இருக்கின்றன. இந்தப் பணியிடங்களில் 20 சதவீதம், ரெயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. 2018-ல் அறிவித்த 62,907 இடங்களில் இவர்கள் பங்கு 12 ஆயிரத்துக்கும் சற்று அதிகம். ஒதுக்கீடு உண்டு என்றாலும் தேர்வு எழுதியே தீர வேண்டும். தவிர, இது முதல் நிலைப் பணிகளுக்கு மட்டுமே.

அந்த அறிவிப்புகள் எப்போது வருகின்றன என்று பார்த்தால்தான் உண்மை நிலை புரியும். 2018-ல் ஒன்று வந்தது. 2019 மார்ச்சில் 1,03,769 இடங்களுக்கு இன்னொன்று வந்தது. அதற்கான தேர்வு 2022 ஆகஸ்டில்தான் தொடங்கியது. அடுத்த அறிவிப்பு வந்தது 2025 ஜனவரியில். இடங்கள் 32,438. வந்து குவிந்த விண்ணப்பங்கள் சுமார் 1 கோடியே 8 லட்சம்.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். 16 வயதில் பத்தாவது தேறுகிறான். 18 வயதில் ஐ.டி.ஐ. முடிக்கிறான். ஓர் ஆண்டு காத்திருந்து அப்ரண்டிஸ் இடம் பெறுகிறான். 20 வயதில், 2019-ம் ஆண்டின் நடுவில், பயிற்சியை முடிக்கிறான். அந்த ஆண்டு அறிவிப்புக்கு விண்ணப்பிக்கும் நாள் அதற்குள் கடந்துவிட்டது. அடுத்த முதல் நிலை அறிவிப்பு வரும்போது அவனுக்கு வயது 25-ஐத் தாண்டிவிட்டது. இடையில் கொரோனா வந்து போனது. பழகிய கை பழக்கம் விட்டுப் போனது. சான்றிதழ் பெட்டிக்குள் இருந்தது. வீட்டில் தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது. அவன் ஏதாவது ஒரு வேலைக்குப் போயிருப்பான். அது அவன் படித்த வேலையாக இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

இடையில் 2024-ல் உதவி லோகோ பைலட், டெக்னீஷியன் பணிகளுக்கு அறிவிப்புகள் வந்தன என்பது உண்மை. ஆனால் அவற்றில் நாடு முழுவதும் உள்ள ஐ.டி.ஐ. இளைஞர்களோடு போட்டி போட வேண்டும்.

மராட்டிய அரசின் திட்டம்

2024 ஜூன் மாத பட்ஜெட்டில் மராட்டிய அரசு புதிய திட்டம் ஒன்றை அறிவித்தது. முதல்-மந்திரி இளைஞர் செயல்முறைப் பயிற்சித் திட்டம் என்று பெயர். ஆண்டுதோறும் 10 லட்சம் பேருக்குப் பயிற்சி என்பது அறிவிப்பு. பெண்களுக்கு வந்த "லாட்கி பகின்" திட்டத்தை ஒட்டி, மக்கள் இதற்கு "லாட்கா பாவ்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பன்னிரண்டாவது தேறியவருக்கு மாதம் ரூ.6 ஆயிரம், ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவருக்கு ரூ.8 ஆயிரம், பட்டதாரிக்கு ரூ.10 ஆயிரம். வயது 18 முதல் 35 வரை. பயிற்சிக் காலம் ஆறு மாதம். தொகை முழுவதையும் அரசே வங்கிக் கணக்கில் செலுத்தும். நிறுவனத்துக்கு ஒரு காசு செலவில்லை. தனியார் நிறுவனங்களில் மட்டும் அல்ல, அரசு அலுவலகங்களிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இளைஞர்கள் அமர்த்தப்பட்டார்கள்.

இங்கும் அதே சட்ட நிலைதான். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது. பி.எப்., ஈ.எஸ்.ஐ. கிடையாது.

ஆறு மாதம் முடிந்ததும் என்ன நடந்தது? எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று பயிற்சி பெற்றவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2025-ல் அரசு மேலும் ஐந்து மாதம் நீட்டித்து 11 மாதமாக்கியது. பதினோரு மாதம் முடிந்ததும் அதே கோரிக்கை மீண்டும் எழுந்தது.

இதில் இளைஞர்கள் மேல் குற்றம் காண்பது எளிது. சேரும்போதே ஆறு மாதம் என்று சொல்லித்தானே சேர்த்தோம் என்று அதிகாரிகள் கேட்கலாம். ஆனால் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. காலியாகக் கிடந்த நாற்காலியில் பயிற்சியாளரை உட்கார வைத்து, கோப்பைக் கொடுத்து, எழுத்தர் வேலை முழுவதையும் வாங்கிவிட்டு, இது வேலை அல்ல, பயிற்சி என்று சொன்னால், அதை எந்த இளைஞன் நம்புவான்? பயிற்சி என்றால் பக்கத்தில் ஒருவர் இருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுக்கும் ஆளே இல்லாத நாற்காலியில் உட்கார வைப்பது பயிற்சி ஆகாது. குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பதே ஆகும்.

அழைத்தும் வராதது ஏன்?

மத்திய அரசின் கதை வேறு விதமானது. 2024 ஜூலை பட்ஜெட்டில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் அறிவிக்கப்பட்டது. நாட்டின் 500 பெரிய நிறுவனங்களில், ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி என்பது திட்டம். அன்று வகுத்த விதிப்படி வயது 21 முதல் 24 வரை, மாதம் ரூ.5 ஆயிரம், தொடக்கத்தில் ஒரு முறை மட்டும் ரூ.6 ஆயிரம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.8 லட்சத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். குடும்பத்தில் யாராவது நிரந்தர அரசு ஊழியராக இருந்தால் இடமில்லை. எனவே தந்தை ரெயில்வேயில் நிரந்தர ஊழியர் என்றால் மகன் விண்ணப்பிக்க முடியாது.

2024 அக்டோபரில் சோதனை முறையில் தொடங்கிய முதல் சுற்றில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் இடங்கள் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளை அனுப்பின. ஏற்றுக்கொண்டவர்கள் சுமார் 28 ஆயிரம் பேர். கடைசியில் சேர்ந்தவர்கள் 8,700 பேர் அளவில்தான்.

இத்தனை கோடிப் பேர் வேலை தேடும் நாட்டில், நாட்டின் முதல் வரிசை நிறுவனங்கள் அழைத்தும் இளைஞர்கள் ஏன் போகவில்லை? இடம் தூரமாக இருந்தது, ஓராண்டு என்பது நீளமாகத் தெரிந்தது, கொடுத்த பணி பிடிக்கவில்லை என்பவை அரசு தரப்பிலேயே கூறப்பட்ட காரணங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் வியப்பில்லை. ஊர் விட்டு ஊர் போய், வாடகை கொடுத்து, ஓட்டலில் சாப்பிட்டு, ரூ.5 ஆயிரத்தில் ஒரு மாதத்தை ஓட்ட முடியுமா? தாராவியில் இட்லி வியாபாரத்திலோ தோல் பட்டறையிலோ தந்தைக்குத் துணையாக நிற்கும் பையன், வீட்டுச் சாப்பாட்டோடு அதைவிட அதிகம் கொண்டு வருவான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டுப் பயிற்சி ஒரு படிக்கட்டு. அன்றாடம் காய்ச்சி வீட்டுப் பிள்ளைக்கு அது ஓராண்டு வருமான இழப்பு. யாருக்காகத் திட்டம் போட்டார்களோ, அவர்களே எட்டிப் பிடிக்க முடியாமல் போனதன் காரணம் இதுதான்.

அப்ரண்டிஸ்களின் உதவித்தொகையும் இப்படித்தான். 2019-ல் திருத்திய விதிப்படி, படிப்புக்கு ஏற்ப மாதம் ரூ.5 ஆயிரம் முதல் ரூ.9 ஆயிரம் வரை குறைந்தபட்சத் தொகை. மாதம் ரூ.7 ஆயிரம் என்றால், 26 வேலை நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ரூ.270-கூட வரவில்லை. 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில், இதை ரூ.6,800 முதல் ரூ.12,300 வரை உயர்த்தப் பரிந்துரை செய்தது. ஆறு ஆண்டு விலைவாசி உயர்வுக்குப் பிறகு வந்த பரிந்துரை அது.

நியூயார்க் காட்டும் பாடம்

அப்படியானால் குறுகிய காலப் பயிற்சியால் பயனே இல்லையா? இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

நியூயார்க் நகரில் 1963 முதல் கோடைகால இளைஞர் வேலைத் திட்டம் நடக்கிறது. பள்ளி விடுமுறையில் சுமார் ஆறு வாரம் இளைஞர்களுக்கு நகராட்சி செலவில் கூலி வேலை. பூங்கா, நூலகம், சிறுவர் முகாம், அலுவலகம் என்று பல இடங்களில் அமர்த்துகிறார்கள். விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் தேர்வு. 2005 முதல் 2008 வரை குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் பொருளாதார ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து ஒப்பிட்டார்கள்.

முடிவு எதிர்பாராதது. கோடை வேலை பார்த்தவர்கள் அந்த ஆண்டு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஆனால் பின்வந்த ஆண்டுகளில் அவர்கள் வருமானம் மற்றவர்களைவிட உயரவில்லை. கல்லூரியில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கையும் கூடவில்லை. அதே சமயம், அவர்களில் சிறைக்குப் போனவர்கள் குறைவு. இள வயதில் இறந்தவர்களும் குறைவு. சிகாகோவில் 2012-ல் நடந்த இதே போன்ற திட்டத்தில் சேர்ந்தவர்கள் வன்முறைக் குற்றங்களில் கைதாவது, அடுத்த 16 மாதங்களில் 43 சதவீதம் குறைந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? குறுகிய கால வேலை அனுபவம் நல்லதுதான். அது பையனைத் தெருமுனையில் நிற்க விடாமல் காக்கிறது. நேரத்துக்கு எழுந்து போகக் கற்றுத் தருகிறது. கையில் தன் காசு என்ற பெருமையைத் தருகிறது. இவை சிறிய விஷயங்கள் அல்ல. ஆனால் வேலைவாய்ப்பு என்று சொல்லி அதை விற்கக் கூடாது. மருந்தை மருந்து என்று கொடுக்க வேண்டும். சாப்பாடு என்று சொல்லிக் கொடுக்கக் கூடாது.

தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

மராட்டியத்தில் வாழும் தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல்கள் சில உண்டு.

முதலாவது பெயர். தமிழர்கள் தந்தை பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போடுவார்கள். மராட்டியத்திலோ தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், வங்கிக் கணக்கில் இன்னொரு விதம் என்று ஒரே பையன் மூன்று பெயரில் இருப்பான். உதவித்தொகை ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. பெயர் பொருந்தாவிட்டால் பணம் நின்றுவிடும். சான்றிதழும் சிக்கலாகும். விண்ணப்பிக்கும் நாளில் இதைச் சரிசெய்ய ஓடுவதைவிட, பத்தாவது படிக்கும்போதே சரிசெய்வது நல்லது.

இரண்டாவது குடியிருப்புச் சான்றிதழ். மாநில அரசின் திட்டங்களுக்கு மராட்டியத்தில் குடியிருப்பவர் என்ற சான்று தேவை. இதற்குப் பொதுவாக 15 ஆண்டுகள் இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். நடுவில் சில ஆண்டுகள் திருநெல்வேலியிலோ சேலத்திலோ பாட்டி வீட்டில் இருந்து படித்த பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ரேஷன் கார்டு, மின்சார ரசீது, பள்ளிச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.

மூன்றாவது, சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள். ஒப்பந்தம் அப்ரண்டிஸ் சட்டப்படி பதிவானதா? அதன் எண் என்ன? முடிவில் கிடைப்பது தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழா, அல்லது நிறுவனம் அடித்துத் தரும் வெறும் தாளா? பயிற்சிக்குப் பின் வேலை என்று ஒப்பந்தத்தில் வரி உண்டா? விபத்து நேர்ந்தால் ஈட்டுத்தொகை உண்டா? சட்டப்படி பதிவான அப்ரண்டிஸ் பயிற்சியில் காயம் பட்டால் ஈட்டுத்தொகை தர நிறுவனம் கடமைப்பட்டது. பதிவு செய்யாமல் பயிற்சி என்ற பெயரில் வைத்துக்கொள்ளும் பட்டறையில் அந்தப் பாதுகாப்பைப் பெறுவது கடினம்.

தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழுக்கு ரெயில்வே முதல் நிலைப் பணிக்கான விண்ணப்பத்திலேயே மதிப்பு உண்டு. வெறும் அனுபவச் சான்றிதழுக்கு அந்த மதிப்பு இல்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணி ஏமாறக் கூடாது.

இன்னொரு திட்டமும் தெரிந்திருக்க வேண்டியது. 2025 ஆகஸ்டு முதல் தேதி தொடங்கி, 2027 ஜூலை வரை உருவாகும் வேலைகளுக்கு மத்திய அரசு ஊக்கத்தொகை அறிவித்துள்ளது. முதன்முதலாக பி.எப். கணக்கில் சேரும் தொழிலாளிக்கு ஒரு மாதச் சம்பளம், ரூ.15 ஆயிரம் வரை, இரண்டு தவணையில் கிடைக்கும். வேலைக்கு எடுக்கும் நிறுவனத்துக்கும் மாதம் ரூ.3 ஆயிரம் வரை உண்டு. முன் சொன்ன திட்டங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. அங்கே இளைஞன் பயிற்சியாளன். இங்கே அவன் தொழிலாளி. பி.எப். எண் இருக்கிறதா என்ற ஒரு கேள்வியே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

அரசுகள் செய்ய வேண்டியது

பயிற்சித் திட்டங்களை மூடிவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பட்டறையில் கை பழகிய இளைஞர்கள் நாட்டுக்குத் தேவை. ஆனால் மூன்று காரியங்கள் செய்தாக வேண்டும்.

ஒன்று, பயிற்சிக்கும் ஆள் எடுப்புக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க வேண்டும். 2024-ல் ரெயில்வே, எந்தெந்தப் பணிக்கு எந்த மாதம் அறிவிப்பு என்று ஆண்டு அட்டவணை வெளியிடத் தொடங்கியது நல்ல காரியம். அதை ஆண்டுதோறும் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும். 2019-க்கும் 2025-க்கும் இடையே நேர்ந்தது போன்ற இடைவெளி மீண்டும் வரக் கூடாது. எத்தனை பேருக்குப் பயிற்சி தருகிறார்களோ, அதற்கும் வரப்போகும் காலியிடங்களுக்கும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

இரண்டு, காலிப் பணியிடத்தில் பயிற்சியாளரை வைத்து வேலை வாங்கக் கூடாது. ஓர் இடத்தில் ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது என்றால், அங்கே தேவை ஊழியர்.

மூன்று, உதவித்தொகை ஏழை வீட்டுப் பிள்ளை மூன்று வேளை சாப்பிட்டு, போய் வரும் அளவுக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடங்கள் காலியாகத்தான் கிடக்கும். இளைஞர்கள் சோம்பேறிகள் என்று பழியும் வரும்.

2018-ல் மாட்டுங்கா தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதினர். அவர்களுக்கு இப்போது முப்பது வயது நெருங்கிவிட்டது. சிலருக்கு ரெயில்வேயில் இடம் கிடைத்திருக்கும். மற்றவர்கள் எங்கோ எதையோ செய்து பிழைத்துக்கொண்டிருப்பார்கள். அன்று அவர்களால் தாமதமான ரெயில்கள் முற்பகலுக்குள் ஓடத் தொடங்கின. அவர்கள் காத்திருந்த ஆண்டுகளைத் திருப்பித் தர எந்த அரசாலும் முடியாது. அடுத்து சேரப்போகும் பையன்களின் ஆண்டுகளையாவது வீணாக்காமல் இருக்கலாம். அதற்கு முதல் படி, பயிற்சியைப் பயிற்சி என்றும் வேலையை வேலை என்றும் சேரும் நாளிலேயே சொல்லிவிடுவதுதான்.